பெரிய கூடத்துக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வீடு, மனை இணைப்பிதழைத் தவறாமல் படித்து வருகிறேன். டைல்ஸ், பெயின்ட், மாடுலர் கிச்சன் எல்லாம் வருகின்றன. கட்டி முடித்த கூடத்தில் காதுக்கு என்ன கேட்கும் என்பதைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை.

ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தபோது நாங்கள் பாட்டுக் கேட்ட அறை பத்துக்குப் பத்து. இப்போது மகன் கட்டியிருக்கும் வீட்டில் கூடம் 24 அடிக்கு 16 அடி. அதே ஆம்ப்ளிஃபயர், அதே இரண்டு ஸ்பீக்கர்கள்தான். ஆனால் பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தில் தொப்பி நாதம், அதாவது இடப்பக்கத்துக் கீழ் ஒலி, காணாமல் போய்விட்டது. எம்.டி. ராமநாதன் மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ்ச் சுரங்களில், நின்று பாடும்போது ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல் ஏறிக்கொண்டு சாகித்யமே புரியவில்லை. கடையில் கேட்டால், "ஹால் பெரிசு மேடம், 100 வாட்ஸ் போட்டுடுங்க" என்றார்கள். எத்தனை பேர் இதை நம்பிப் பணத்தைக் கொட்டியிருப்பார்களோ!

பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் நான். ஒலியின் அளவை டெசிபலில் சொல்வார்கள். 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது சிறிய வித்தியாசம்தான். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அப்படியே போட்டாலும் பாட்டோடு சேர்ந்து அறையின் எதிரொலியும் அதே அளவு கூடும். மாறாக, 14 அடி தள்ளிப் போட்டிருக்கும் நாற்காலியை 7 அடிக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடும். நான்கு மடங்கு வாட்ஸில் கிடைப்பது, ஒரு பைசா செலவில்லாமல்.

எதிரொலிதான் இதில் பெரிய வில்லன். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்று, வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் பொறுப்பை விட்டார்கள். பேசி முடித்த பிறகும் ஐந்து வினாடிக்கு மேல் ஒலி அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகக் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார் அவர். அவர் கண்ட சூத்திரத்தில் எங்கள் கூடத்தைப் போட்டுப் பார்த்தேன். வழவழ டைல்ஸும் வெற்றுச் சுவரும் மட்டும் இருந்தால் எதிரொலி அடங்க இரண்டு வினாடிக்கு மேல் ஆகும் என்று வருகிறது. வீட்டில் பாட்டுக் கேட்க அரை வினாடி போதும்.

எங்கள் வீட்டிலும் மெத்தைதான் கை கொடுத்தது. ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே கனமான கம்பளம் விரித்தோம். மெல்லிய ஜமக்காளம் உச்ச ஒலிகளைக் கொஞ்சம் அடக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஜன்னலுக்குக் கொசுவம் நிறைய வைத்துத் தைத்த தடித்த திரை. உட்காரும் இடத்துக்குப் பின்சுவரில், உறை தைத்த பழைய இலவம்பஞ்சு மெத்தை. பக்கச் சுவரில் எந்த இடத்தை மூடுவது என்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். இன்னொருவர் கண்ணாடியைச் சுவரை ஒட்டி நகர்த்தட்டும். எந்த இடத்தில் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கேதான் ஒலி பட்டுத் திரும்புகிறது. அந்த இடத்தில் புத்தக அலமாரி வைத்தோம். முட்டை அட்டை ஒட்டச் சொல்வார்கள், வேண்டாம். பெரிதாகப் பலன் கிடையாது, தீப்பிடித்தாலும் ஆபத்து.

சரி, தொப்பி எங்கே போயிற்று? வீடு மாற்றியபோது ஒயர்களைக் கழற்றி மாட்டியவர் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்திருந்தார். ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது உள்ளே இழுக்கும், கீழ் ஒலி இரண்டுக்கும் நடுவில் அடிபட்டுப் போகும். அதைச் சரிசெய்து, கூடத்தின் நடுவே நின்ற ஸ்பீக்கர்களைச் சுவர்ப் பக்கம் நகர்த்தி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் வைத்ததும் தொப்பி திரும்பிவிட்டது. மூலையில் மட்டும் வைக்காதீர்கள், கொழகொழவென்று முழங்கும்.

இது பாட்டுப் பிரியர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. காது மங்கிய என் மாமியாருக்கு இந்தக் கூடத்தில் டிவி செய்தி புரியாமல் இருந்தது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் குழம்பியது. கம்பளமும் திரையும் வந்த பிறகு குறைந்த சத்தத்திலேயே கேட்கிறார். பெரியவர்கள் இருக்கும் எத்தனையோ புது வீடுகளில் இதே கூடம்தான், இதே வழவழத் தரைதான். கட்டிடப் பொறியாளர்களையும் ஒலியியல் தெரிந்தவர்களையும் கேட்டு உங்கள் இணைப்பிதழில் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி