நீ அனுப்பும் பணமும் தாளடி நடவும்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் காரையெல்லாம் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். சென்னைக் கவலை அவ்வளவுதான்.

மன்னார்குடிப் பக்கம் அப்படியில்லை. நேற்று உன் தம்பியிடம் பேசினேன். குறுவை நெல் இன்னும் கொள்முதல் நிலைய வாசலிலேயே கிடக்கிறதாம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். வெயில் தலைகாட்டினால் தார்ப்பாயைப் பிரித்துக் கிளறிவிடுகிறான், தூறினால் ஓடிப்போய் மூடுகிறான். பக்கத்து வயல்காரர் கடன் நெருக்கடியில் வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிட்டார். உன் தம்பி அசையவில்லை. மாதம் பிறந்தால் குவைத்திலிருந்து உன் பணம் வரும் என்ற தைரியம்!

'நான் அனுப்புவது வயலுக்குப் போகிறதா, வீட்டுச் செலவோடு சரியா' என்று கேட்டிருந்தாய். உரமாக மாறினால்தான் வயலுக்குப் போனது என்றில்லை. ஸ்டார்க், ப்ளூம் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1985-லேயே சொன்னது இது: காப்பீடும் கடனும் சரியாகக் கிடைக்காத ஊரில், குடும்பம் ஒருவரை வெளியே அனுப்புவதே ஒரு காப்பீடுதான்.

ஆனால் பணம் வரும்போது ஆள் போய்விடுகிறதே. சீனாவைப் பற்றி 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், இளவட்டங்கள் கிளம்பியதால் மக்காச்சோள விளைச்சல் குறைந்தது. அவர்கள் அனுப்பிய பணம் அந்த இழப்பில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டியது. நம் பக்கம் அறுப்புக்கு வண்டி வந்துவிட்டது, நடவுக்கு மேற்கு வங்கத்து ஆட்கள். நம் வயலில் வாங்கும் கூலியை அவர்களும் ஊருக்குத்தான் அனுப்புகிறார்கள். அங்கே யார் நடுகிறார்களோ!

எனக்குப் பயம் நிலத்தை நினைத்துத்தான். கேரளத்தில் 1970-களில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல் பரப்பு இன்று 2 லட்சம் அளவில் நிற்கிறது. வளைகுடாப் பணம் மட்டும் காரணமில்லை, கூலியும் ஆள் பஞ்சமும் உண்டு. ஆனாலும் வெளிநாட்டுக் காசு நிலத்தில் இறங்கினால் விலை எகிறும். குத்தகைக்கு உழுகிறவன் பிறகு எந்தக் காலத்தில் ஒரு மா நிலம் வாங்குவது? வாங்கிப்போட்டவர்களில் பலர் கருவேலம் மண்ட விட்டிருக்கிறார்கள், நீயே பார்த்திருப்பாய்.

அதனால் தம்பி பக்கத்து நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதைக்குத் தள்ளிப்போடு. அடுத்த மாதத் தொகையை மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பிவிடு. குறுவை அறுத்த வயலில் அடுத்து நடும் தாளடிக்குக் கூலியைக் கையில் வைத்தால்தான் ஆள் இறங்கும்.

அப்புறம், பொங்கலுக்கு லீவு கேட்டாயா இல்லையா?

அன்புடன்,
உன் மாப்ளே
சென்னை