செயற்கைக்கோள் இணையம்: கணக்கோடு அனுமானங்களையும் வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடுத்த தலைமுறைச் செயற்கைக்கோள் இணையம் பற்றிய செய்திகளில் ‘தாமதம் இத்தனை மில்லி விநாடிதான்’ என்பது போன்ற கணக்குகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. ஒரு கணக்கு விண்ணில் அளந்ததா, கணினி சிமுலேஷனில், அதாவது கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாதிரியில், பெற்றதா என்பதையும், சிமுலேஷன் என்றால் அது எந்த அனுமானங்களின் மேல் நிற்கிறது என்பதையும் செய்தியிலேயே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சிமுலேஷனைக் குறை சொல்வது என் நோக்கமன்று. செயற்கைக்கோள்களை நூற்றுக்கணக்கில் ஏவிய பிறகு வடிவமைப்பை மாற்ற முடியாது என்பதால் அதைத் தவிர்க்கவே முடியாது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோல் சுற்றும் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக ஒரு கேள்வி போய் விடை திரும்ப ஏறக்குறைய அரை விநாடி ஆகிறது. 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுபவற்றில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவை விநாடிக்குச் சுமார் 7.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால், சில நிமிடங்களுக்குள் இணைப்பை அடுத்ததற்குக் கைமாற்ற வேண்டியிருக்கிறது. தலைக்கு நேர் மேலே 550 கிலோமீட்டராக இருக்கும் தொலைவு, அடிவானத்திலிருந்து 25 பாகைக்கு இறங்கும்போது 1,100 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. இணையத்தில் தரவை அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிசிபி என்ற நெறிமுறையில், தாமதத்தைக் கொண்டு நெரிசலை ஊகிக்கும் வகைகள், பாதை நீண்டதையே நெரிசல் என்று எண்ணி, வழி காலியாகக் கிடந்தாலும் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது தரவின் ஒவ்வொரு சிறு துண்டையும், தனித்தனியே பின்தொடரும் என்எஸ்-3 போன்ற சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டிப் பார்த்தால் இது வரைபடத்திலேயே தெரிந்துவிடும்.

அதே மென்பொருள், நாம் கொடுக்காத எதையும் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. கேஏ எனப்படும் உயர் அதிர்வெண் அலைவரிசை இணைப்பில் பாக்கெட் இழப்பே இல்லை என்று ஒருமுறை எனக்கு முடிவு வந்தது. இரண்டு நாள் மகிழ்ச்சிக்குப் பிறகுதான், மழையில் அலை வலுவிழப்பதைக் கணக்கிடும் பகுதியை நான் இணைக்கவே இல்லை என்பது தெரிந்தது.

சுற்றுப்பாதைத் தரவும் அப்படித்தான். 2009 பிப்ரவரி 10 அன்று இரிடியம் 33, காஸ்மாஸ் 2251 ஆகிய செயற்கைக்கோள்கள் மோதிக்கொண்டன. பொதுவில் கிடைக்கும் தரவைக் கொண்டு செய்த முன்கணிப்போ, அவை 584 மீட்டர் விலகிச் செல்லும் என்றே காட்டியிருந்தது. இதே வகைத் தரவைத்தான் வலையமைப்பு ஆய்வுகள் பலவும் பயன்படுத்துகின்றன. தாமதத்தைக் கணக்கிட அரை கிலோமீட்டர் பிழை ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ஒரு செயற்கைக்கோளின் மெல்லிய லேசர் கற்றை இன்னொன்றைக் குறிதவறாமல் எட்டுமா என்று ஆராய்பவருக்கு அந்தத் தரவு போதாது.

என்எஸ்-3 யாருக்கும் இலவசம். அதன் மேல் சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் உருவாக்கிய, செயற்கைக்கோள் வலையமைப்புகளுக்கான ஹைப்பேஷியா என்ற சிமுலேஷன் மென்பொருளும் நிரலோடு பொதுவில் கிடைக்கிறது. எனவே மற்ற ஆய்வுக் குழுக்களும் நிரலையும் உள்ளீடுகளையும் வெளியிடுவதில் பெரிய தடை இருப்பதாகத் தெரியவில்லை. எத்தனை பயனர்கள், என்ன வானிலை, எந்தத் தேதியின் சுற்றுப்பாதைத் தரவு என்று செய்தியில் ஒரு வரி சேர்க்குமாறு தங்கள் செய்தியாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வலையமைப்பு ஆய்வில் ஈடுபட்டுள்ள வாசகர் ஒருவர்