கண்ணாடிகிட்ட சீட்டு வேண்டாம் மாப்ள

மாப்ள,

உன் மெசேஜ் பாத்தேன். வாட்ஸப்ல ரெண்டு வரில பதில் போட்டா உனக்கும் பத்தாது எனக்கும் பத்தாது, அதான் மெயிலாவே எழுதுறேன், டீ போட்டு வச்சிட்டு சாவகாசமா படி. டொரன்டோ பக்கத்துல கிளார்க்சன்ல வீடு செட்டாயிருச்சுன்னு கேட்டு ரொம்ப சந்தோஷம்லே, ஸ்டேஷனுக்கு நடக்குற தூரத்துல வாடகை வீடு கிடைக்கிறதெல்லாம் இங்க லேசுப்பட்ட காரியமா. தங்கச்சி ஜி2 டிரைவிங் டெஸ்ட்டு பாஸ் பண்ணிருச்சா? இங்க ஸ்கார்பரோல எல்லாரும் சௌக்கியம். ஊர்ல, கோவில்பட்டில, அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இப்ப செண்பகவல்லி அம்மன் கோயில் வரைக்கும் யாரையும் பிடிக்காம தனியா நடந்து போறாங்களாம், போன எடுத்தா அந்தப் பேச்சுதான், நான் இங்க பனி பெய்யுதுன்னு சொல்ல வந்தாகூட காதுல வாங்குறதில்ல.

சரி, விஷயத்துக்கு வாறேன். மருமகன் ஸ்கூல்ல எல்லாப் பயலும் டொரன்டோ ஐஸ் ஹாக்கி டீம் லீஃப்ஸோட ஜெர்சி போட்டுட்டு வாரானுவ, அவனும் ஒரு மேட்ச் பாக்கணும்னு நிக்கான், நீ ஐஸ ஒட்டி கண்ணாடிகிட்ட நாலு சீட்டு எடுத்துரலாமான்னு கேட்டிருக்க. வேண்டாம். காசுக்காக மட்டும் சொல்லலலே, சும்மா குடுத்தாகூட முதல் மேட்சுக்கு அந்த இடம் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

நாம ஊர்ல கிரவுண்டு லைன் ஓரமா நின்னு, பந்து கால்ல பட்டு, அப்படியே ஹாக்கி பாத்து வளந்தவனுங்க, அதனால கிட்ட போனாதான் ஆட்டம்னு மண்டைல ஏறிருச்சு. இங்க கதை வேற. நம்ம கிரவுண்டு 300 அடிக்கு 180 அடி, இவங்க ஐஸ் 200 அடிக்கு 85 அடிதான், பரப்பு மூணுல ஒரு பங்குகூட வராது. அதுக்குள்ள கோல்கீப்பரோட சேத்து பக்கத்துக்கு ஆறு பேரு, சுத்தி மூணரை அடி உசரத்துக்கு சுவர் மாதிரி போர்டு, அதுக்கு மேல கண்ணாடி. பந்துக்குப் பதிலா இங்க பக், அது மூணு இஞ்சு அகலம் ஒரு இஞ்சு கனம் உள்ள கறுப்பு ரப்பர் வில்லை, நல்ல ஷாட்டு மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்துல போகும். கீழ முதல் அஞ்சாறு வரிசைல உக்காந்தேன்னு வை, உன் பக்கத்து போர்டுகிட்ட பக் வந்ததும் போர்டே மறைச்சிரும், அந்தப் பக்கத்து மூலைக்குப் போச்சுன்னா நடுவுல பத்து ஆளு நிப்பான், நீ அந்த வில்லைய பாக்க முடியாம நிமிந்து மேல தொங்குற பெரிய ஸ்கிரீனத்தான் பாத்துட்டு இருப்ப. அதுக்கு வீட்ல டிவி போதும். பெஞ்சுக்குப் பின்னாடி இன்னும் மோசம், கோச்சுங்க நின்னுட்டே இருப்பாங்க, பிளேயரெல்லாம் முக்கால் நிமிஷத்துக்கு ஒருக்கா மாறி மாறி உள்ள குதிப்பாங்க வெளிய வருவாங்க, உனக்கு முதுகுதான் தெரியும். என் ஆபீஸ்ல ஒருத்தர் பையன் பிறந்தநாளுக்குன்னு அந்த மாதிரி சீட்டுக்கு ஆயிரக்கணக்குல செலவழிச்சாரு, பையனுக்கு ஞாபகம் இருக்கிறதெல்லாம் ஒரு பிளேயர் கண்ணாடில டமால்னு மோதுனது மட்டும்தான். அது ஒரு அனுபவம்தான், இல்லேங்கல. ஆனா அத ஆட்டம் புரிஞ்ச அப்புறம் வச்சுக்கோ.

மேல ஏறிட்டா மொட்டை மாடில நின்னு தேரோட்டம் பாக்குற மாதிரி, எல்லாம் ஒரே பார்வைல விழும். கோலுக்குப் பின்னாடியும் ஆட்டம் நடக்கும் மாப்ள, நம்ம ஹாக்கில அது கிடையாதுல்ல, இங்க வில்லைய பின்னாடி கொண்டு போய் அங்கருந்து பாஸ் குடுத்து கோல் போடுவான், அதெல்லாம் உயரத்துல இருந்தாதான் கண்ணுக்கு சிக்கும். நீலக்கோடு ஆஃப்சைடும், அதான் பக்குக்கு முன்னாடி ஆளு அந்தக் கோட்ட தாண்டுற தப்பும், அப்படித்தான், மேல இருந்து நாலு தடவ பாத்தா மருமகனே உனக்கு வெளக்கம் சொல்லுவான்.

மேலயும் எங்க வேணாலும் உக்காந்துராத. நடு ஐஸுக்கு நேரா உள்ளது விலை கூட. கோலுக்கு நேர் பின்னாடி வலை கட்டியிருப்பாங்க. 2002ல அமெரிக்கால கொலம்பஸ்ல பக் தெறிச்சுப் பட்டு 13 வயசுப் பொண்ணு ஒண்ணு இறந்துபோச்சு, அதுக்கப்புறம்தான் லீஃப்ஸ் ஆடுற பெரிய லீகான என்ஹெச்எல்ல எல்லா அரீனாலயும் வலை கட்டாயம்னு ஆக்குனாங்க. முதல் பத்து நிமிஷம் வலை கண்ண உறுத்தும், அப்புறம் மறந்துரும், சின்னப் புள்ளைங்களோட போறவங்களுக்கு வலைக்குப் பின்னாடி இருக்கிறது ஒரு தைரியம்கூட. நான் சொல்றது மூலை. மேல் அடுக்கு, மூலை, மூணாவது நாலாவது வரிசை. முதல் வரிசை வேண்டாம், சில இடத்துல கம்பி மருமகளோட கண்ணுக்கு நேரா வந்து நிக்கும். உச்சில கடைசி வரிசையும் வேண்டாம், பார்வை நல்லாத்தான் இருக்கும், ஆனா படி செங்குத்து, ஆறு வயசுப் புள்ளைய கைல பாப்கார்னோட எறக்குறதுக்குள்ள உனக்கு வேர்த்துரும்.

இன்னொண்ணு, ஆட்டத்த மூணு பகுதியா, பீரியடுன்னு, பிரிச்சிருப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் டீமுங்க பக்கம் மாறுவாங்க, மூணு பீரியடுல ஒரு கோல் பக்கமா நம்ம டீம் ரெண்டு தடவ அடிக்கும். அந்தப் பக்கத்து மூலை எதுன்னு கேட்டு எடுத்தா அதே காசுக்கு கூட ரெண்டு கோல் கிட்டத்துல பாக்கலாம்.

இப்ப எந்த டீம்னு வருவோம், காசு உண்மைல போற எடம் இதுதான். லீஃப்ஸ் 1967க்கு அப்புறம் என்ஹெச்எல் கோப்பையான ஸ்டான்லி கப்ப தொட்டதே இல்ல, ஆனா டிக்கெட்டு மட்டும் என்னமோ வருஷா வருஷம் கப் அடிக்கிற டீம் மாதிரி. லீஃப்ஸ் ஆடுற ஸ்கோஷியாபேங்க் அரீனால உச்சில உள்ள சீட்டுகூட 100 டாலருக்குக் கீழ பாக்குறது கஷ்டம், சனிக்கிழமை ராத்திரி, எதிர்ல மான்ட்ரியால்னா கேக்கவே வேண்டாம். நாலு பேரு, சாப்பாடு, ஒரு தொப்பி, முடிஞ்சது ஜோலி. புதுசா வந்திருக்க, இன்னும் சோஃபாவே வாங்கல, அந்த ஊதாரித்தனம் இந்த வருஷம் தேவையா?

என் பேச்ச கேளு, மார்லீஸுக்குப் போ. டொரன்டோ மார்லீஸ், லீஃப்ஸுக்கு ஒரு படி கீழ, ஏஹெச்எல்ங்கிற லீகுல ஆடுற டீம், ரெண்டுக்கும் ஓனர் ஒரே கம்பெனிதான். கீழ்ப்படின்னதும் மருமகன் மூஞ்ச தூக்குவான், லீஃப்ஸ்ல பேரு வாங்குன நைலாண்டரே மார்லீஸ்ல ஆடிட்டுத்தான் மேல போனாருன்னு சொல்லு, அடங்கிருவான். 2018ல அவங்க லீகு கப்பு கால்டர் கப்ப ஜெயிச்சாங்க, அதுவே லீஃப்ஸ் ரசிகருங்களுக்கு பெரிய ஆறுதல். எக்ஸிபிஷன் பிளேஸ்ல கோக்கா கோலா கொலிசியம்னு 1921ல கட்டுன பழைய கட்டடம், உள்ள புதுசா மாத்திட்டாங்க, எட்டாயிரம் பேரு சுமாருக்கு உக்காரலாம், லீஃப்ஸ் அரீனால பாதிகூட இல்ல. அதனால அங்க மோசமான சீட்டுன்னு ஒண்ணு தேடுனாத்தான் உண்டு, கடைசி வரிசையே லீஃப்ஸ்ல நடு வரிசை தூரம்தான். லீஃப்ஸுக்கு ஒரு ஆளுக்கு ஆகுற காசுல கிட்டத்தட்ட நாலு பேரும் பாத்துட்டு வந்துரலாம். அத விட முக்கியம் நேரம், வார இறுதில மத்தியானம், சாயங்காலம்னு மேட்ச் வைப்பாங்க, புள்ளைங்க எட்டு மணிக்கெல்லாம் வீட்ல இருக்கும். உனக்கு போக்குவரத்தும் தோது, கிளார்க்சன்ல லேக்‌ஷோர் வெஸ்ட் கோ டிரெயின் ஏறுனா நேரா எக்ஸிபிஷன் ஸ்டேஷன், எறங்குனா எதுத்தாப்ல. 12 வயசு வரைக்கும் கோ டிரெயின்ல டிக்கெட்டே கிடையாது, உனக்கும் தங்கச்சிக்கும் வீக்கெண்ட் பாஸ் ஆளுக்கு 10 டாலர் போட்டுக்கோ. கார் எடுக்காத, பார்க்கிங் காசுல ஒரு சீட்டு போயிரும்.

மருமகள நெனச்சா இன்னொரு வழியும் இருக்கு, அதே கொலிசியத்துல பொண்ணுங்க டீம் டொரன்டோ செப்டர்ஸ் ஆடுது. அவங்க ஆடுற பொண்ணுங்க லீகு 2024 ஜனவரி 1ல தான் ஆரம்பிச்சது, முதல் மேட்சே டொரன்டோல, லீஃப்ஸ் முன்ன ஆடுன பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்துக்குள்ள. அந்த வருஷம் ஏப்ரல்ல இவங்க மான்ட்ரியால்ல போய் ஆடுனதுக்கு 21,105 பேரு வந்தாங்க, பொண்ணுங்க ஹாக்கிக்கு அதுவரைக்கும் அப்படி ஒரு கூட்டமே வந்ததில்ல. இடிச்சுத் தள்ளுறதெல்லாம் அங்கயும் உண்டு, ஆனா ஆட்டம் கொஞ்சம் சுத்தமா இருக்கும், நமக்கு ஊர் ஹாக்கி பாத்த கண்ணுக்கு பாஸிங் ரொம்ப பிடிக்கும். டிக்கெட் மார்லீஸ விட கொஞ்சம் கூட, சீக்கிரம் வித்துரும். எனக்கு என்னமோ உங்க நாலு பேருக்கும் இதுவும் ஒத்து வரும்னு தோணுது, நீ பாத்துக்கோ.

இல்லல்ல லீஃப்ஸ்தான்னு மருமகன் ஒத்தக்கால்ல நின்னான்னா, செப்டம்பர்ல, சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நடக்குற ப்ரீ-சீசன் மேட்ச் பாரு, பெரிய ஸ்டார் எல்லாம் ஆட மாட்டான், ஆனா ஜெர்சி அதே ஜெர்சி. அதுவும் வேண்டாம்னா திங்கள் செவ்வாய்ல, நம்மூரு ஆளுங்க அவ்வளவா கண்டுக்காத மேற்கு டீம் எதாவது வாரப்போ எடு. நாலு சீட்டு சேந்தாப்ல தேடாத, ரெண்டு ரெண்டா முன்ன பின்ன வரிசைல எடுத்தா விலை எறங்கும், நீ மருமகளோட பின்னாடி, தங்கச்சி மருமகனோட முன்னாடி, சண்டையும் மிச்சம். விக்கிறவங்க கட்டணமெல்லாம் சேத்துத்தான் விலை காட்டணும்னு இங்க சட்டம், ஆனா சில சைட்டுல அமெரிக்க டாலர்ல காட்டுவான், பணம் கட்டுறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ பாத்துரு. அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுத்தா மறுவிற்பனைல விலை விழுறதும் உண்டு, ஆனா புள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிட்டு அந்த சூதாட்டம் ஆடாத. முகம் தெரியாதவன் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி டிக்கெட்டுன்னா தலையே காட்டாத, டிக்கெட் உன் போன் ஆப்புல இருக்கணும், ஸ்டேஷன்ல எறங்குறதுக்கு முன்னாடியே வாலட்ல போட்டு வச்சுக்கோ.

பெரிய பேக் எடுத்துட்டு வராத, உள்ள விட மாட்டான். ஒரு ஜாக்கெட் போதும், ஐஸ்னு பயந்து கம்பளி கிம்பளி மூட்டை கட்டாத. கோல் விழுந்ததும் ஒரு ஹார்ன் அடிப்பான் பாரு, நமக்கே தூக்கிவாரிப் போடும், மருமகளுக்கு காத அடைக்கிற ஹெட்போன் ஒண்ணு கட்டாயம் கொண்டு வா. சண்டையும் நடக்கும், ரெண்டு பேரு கையுறைய கழட்டி வீசிட்டு முட்டிக்குவான், நடுவருங்க பிரிச்சு விட்டு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் தண்டனைக் கூண்டுக்குள்ள உக்கார வைப்பாங்க, புள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லி வையி, இல்லன்னா ராத்திரி பூரா கேள்வி கேக்கும். பாத்ரூமுக்கு ஆட்டத்துக்கு நடுவுல எந்திரிச்சா விசில் அடிக்கிற வரைக்கும் திரும்ப சீட்டுக்கு விட மாட்டாங்க, அதனால ஓரத்து சீட்டா எடுத்து, பீரியடு முடிய ரெண்டு நிமிஷம் இருக்கும்போதே கெளம்பிரு, இடைவேளைல கியூ வாசல் வரைக்கும் நிக்கும்.

எந்த ஞாயித்துக்கிழமை தோதுப்படும்னு தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்லு, நாங்களும் வாறோம், எட்டு சீட்டா ஒரே மூலைல நானே எடுத்துர்றேன். உன் பங்க இ-டிரான்ஸ்ஃபர் பண்ணிரு, மாப்ளன்னு சொல்லி இழுத்தடிச்ச, உன் சீட்டு மட்டும் பெஞ்சுக்குப் பின்னாடி.

உன் மச்சான்,
ஸ்கார்பரோ