நந்தினியின் அடுப்பை அணைத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சின்னத்திரைத் தொடர்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், சன் டிவியின் 'எதிர்நீச்சல்' தொடர் கடைசியில் சோர்ந்துபோனதற்கு நடிகர் மாரிமுத்துவின் மறைவே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நான் பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருப்பவள். இரவு ஒன்பதரை ஆனால் மிஷினை நிறுத்திவிட்டு அந்தத் தொடரின் முன்னால் உட்கார்ந்தவள். அந்த உரிமையில் இதை மறுக்கிறேன்.

மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் மாரடைப்பு வந்து காலமானார். வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் குணசேகரனாக அவர் சொன்ன 'இந்தாம்மா ஏய்' எங்கள் பக்கத்துப் பேச்சே அல்ல, தெற்கத்திப் பேச்சு. ஆனாலும் அளவு ஜாக்கெட் கொண்டுவரும் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், "எங்கள் வீட்டிலும் ஒரு குணசேகரன் இருக்கிறார்" என்பார்கள். மாரிமுத்துவுக்குப் பிறகு அதே வேடத்தில் வந்த வேல ராமமூர்த்தியைப் பார்த்தால் பயம்தான் வந்தது, சிரிப்பு வரவில்லை. அவர்மேல் குற்றமில்லை. அதை நாங்கள் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாமல் போனது கதையை.

2022 பிப்ரவரியில் தொடங்கியபோது அது குணசேகரன் வீட்டு மருமகள்களின் கதை. ஜனனி, ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி நால்வரும் சமையல்கட்டில் நின்று மாமியார் காதில் விழாமல் பேசிக்கொள்கிற காட்சிகளுக்காகவே நான் பார்த்தேன். நந்தினி சமைத்து விற்றுச் சம்பாதிக்கக் கிளம்பியதும் என் கடையில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. நான் கூலிக்குத் தைக்கத் தொடங்கியபோது, "உனக்கு இங்கே என்ன குறை வைத்தோம்?" என்றுதான் என் வீட்டிலும் கேட்டார்கள். ஓசூர்ப் பக்கம் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அதே கேள்வியை அவர்களும் சொல்வார்கள்.

கடைசி மாதங்களில் அந்த அடுப்பு எங்கே போனது? குணசேகரனின் மகள் தர்ஷினியைக் கடத்தினார்கள், வாரக்கணக்கில் தேடினார்கள். கூடத்தில் ஆண்கள் கத்த, பெண்கள் வரிசையாக நின்று கேட்டார்கள். அடுத்து, தர்ஷினிக்குக் கல்யாணம் என்று ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பே குணசேகரனின் தங்கை ஆதிரையின் கழுத்தில் அவள் விருப்பத்துக்கு மாறாகக் கரிகாலன் தாலி கட்டியதைப் பார்த்துப் பதறியவர்கள் நாங்கள். திரும்பவும் ஒரு தாலி, திரும்பவும் இழுபறி. தருமபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் பார்ப்பது வேறு, ஐயா. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போவதும், அதிகாரிகள் வந்து சிறுமியின் கல்யாணத்தை நிறுத்துவதும் எங்களுக்குப் பழகிய செய்தி. ஒரு பெண்ணின் கல்யாணத்தை வைத்து நாள் கடத்துவது எனக்குப் பொழுதுபோக்காகத் தெரியவில்லை.

2024 ஜூன் மாதம், குணசேகரனைச் சிறைக்கு அனுப்பியதோடு அவசர அவசரமாக முடித்துவிட்டார்கள். வில்லன் சிறைக்குப் போனால் கணக்கு முடிந்ததாம்!

இயக்குநர் திருச்செல்வத்துக்குத் தெரியாத வேலையா இது? 2003 முதல் 2009 வரை அவர் இயக்கிய 'கோலங்கள்' தொடரை ஒரு நாளும் விடாமல் பார்த்த கூட்டம் இங்கே உண்டு. அதில் நாயகி அபி வேலை பார்த்தாள், தொழில் நடத்தினாள். அவளுடைய நஷ்டம்கூட எங்களுக்குப் புரிந்தது. அப்படி ஒரு பெண்ணை எழுதியவர் இந்த நால்வரையும் கூடத்து ஓரத்தில் நிறுத்திவைத்தார் என்பதுதான் என் கோபம். தொடரில் ஜீவானந்தமாக அவரே வந்தார். அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை நந்தினிக்குக் கொடுத்திருக்கலாம்.

2024 டிசம்பரில் இதன் இரண்டாம் பாகமாக 'எதிர்நீச்சல் தொடர்கிறது' வந்தது. நான் அதற்கு மிஷினை நிறுத்துவதில்லை. ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி வந்ததைப் பற்றித்தான் எங்கும் பேசினார்கள். தங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது யார் போனார், யார் வந்தார் என்பதை விட்டுவிடட்டும். அந்த நால்வரில் யாருக்காவது தன் பெயரில் நாலு காசு சேர்ந்ததா என்று பார்த்து எழுதட்டும். சேர்ந்திருந்தால் நானும் ஒரு நாள் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தையல் கடை வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.