மட்கார்டு இல்லாத வண்டி

காரைக்குடி,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஆத்தாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி மழையோடு வந்திருக்கிறது, மழையோடு போய்விடும் என்கிறாள்.

நீ போனில் விஷயத்தைச் சொன்னபோது நான் "சரி, சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபமா என்று அவளிடம் கேட்டாயாமே. கோபம்தான். இரண்டு நாள் இருந்தது. 1931 ஃபோர்டு மாடல் ஏ ஒன்றை வாங்கி, அதன் கூரையை மூன்று அங்குலம் அறுத்து இறக்கி, பெரிய எஞ்சின் வைத்து, ஹாட் ராடு என்கிற வேக வண்டியாக்கப் போகிறேன் என்கிறாய். நம் மோரிஸ் மைனருக்கு ஒரு கதவுக் கைப்பிடி தேடி என்னோடு ஒன்பது மாதம் அலைந்த பெண்ணா இது என்று தோன்றாதா? முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் எனாமல் தட்டுக்கும் தேக்குப் பெட்டிக்கும் நடுவே குனிந்து குனிந்து தேடினோம். கிடைத்த கைப்பிடியைத் திருப்பிப் பார்த்து, "இது நம்ம வண்டிக்கு உள்ளது இல்லப்பா, பின்னால வந்த மாடலுக்கு உள்ளது" என்று கடைக்காரர் முன்னாலேயே சொன்னவள் நீ. அப்போது உனக்குப் பதினாறு வயது. அந்தக் கைப்பிடியை நான் வாங்கவில்லை.

அந்தப் பேரே எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ஹாட் ராடு! எனக்குத் தெரிந்த ராடு கனெக்டிங் ராடும் டை ராடும்தான். அதில் கனெக்டிங் ராடு சூடானால் பேரிங் தீய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கு என்று அர்த்தம். அதைப் போய் யாராவது பெருமையாகச் சொல்லிக்கொள்வார்களா?

அப்புறம் நீ அனுப்பியிருந்த படங்களை ஞாயிற்றுக்கிழமை பட்டறையை மூடிய பிறகு நிதானமாகப் பார்த்தேன். கலிபோர்னியாவின் எல் மிராஜ் ஏரி. தண்ணீர் இல்லாமல், கண்ணுக்கு எட்டிய தூரம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிற தரை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சித்திரையில நம்ம கண்மாய் மாதிரியில்ல இருக்கு" என்றாள். அதே கண்மாயில்தான் நீ வண்டி ஓட்டக் கற்றாய். நான் கற்றதும் அங்கேதான். இடிக்க ஒன்றும் கிடையாது, பிரேக்குக்குப் பதில் கிளட்சை மிதித்தாலும் யாரும் சாகமாட்டார்கள்.

கலிபோர்னியாப் பையன்கள் 1930-களில் அப்படிப்பட்ட வறண்ட ஏரிகளில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். கையில் காசு இல்லை. பழைய ஃபோர்டு மலிவாகக் கிடைத்தது. மட்கார்டு, பானெட், பம்பர் என்று ஓடுவதற்குத் தேவையில்லாத எடையையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு யார் வேகமாகப் போகிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். 1937-இல் அவர்களுடைய சங்கங்களெல்லாம் சேர்ந்து ஒரு அமைப்பு வைத்து, ஒழுங்காக நேரம் குறித்து ஓட்ட ஆரம்பித்தார்கள். முரோக் என்ற ஏரி விமானப்படைக்குப் போனது. யுத்தம் முடிந்து திரும்பிய பையன்கள் இன்னும் நிறைய மெக்கானிக் வேலை தெரிந்துகொண்டு வந்தார்கள். 1949-இல் யூட்டா மாநிலத்தில் இருக்கிற பானவில் உப்புப் பாலைக்கே ஓட்டப் போய்விட்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். அவர்களில் நிறையப் பேர் புது வண்டி வாங்க வழியில்லாதவர்கள். இருப்பதை வைத்துச் செய்தவர்கள்.

அதைப் படித்தபோது கோபம் கொஞ்சம் இறங்கியது. ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காதே. பத்தொன்பது வயதில் நானும் இன்னும் மூன்று பேரும் ஒரு யெஸ்டி பைக்கின் இரண்டு மட்கார்டையும் கழற்றி, சைலன்சர் உள்குழாயை உருவிவிட்டு, அதே கண்மாயில் கரையிலிருந்து மடை வரை ஓட்டியிருக்கிறோம். ஐப்பசியில் அதே வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். வீட்டுக்கு வந்தபோது முதுகில் சேறு உச்சந்தலை வரை ஏறியிருந்தது. உன் அப்பத்தா வாசலிலேயே நிறுத்தி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாள். உன் ஊரில் மழை குறைவு, பிழைத்தாய்.

இன்னொன்று, உனக்குச் சொல்லாதது. நீ பிறப்பதற்கு முன்னால், டாக்சி ஓட்டுகிறவர் ஒருவர் பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று அம்பாசிடரைக் கொண்டுவந்து விட்டார். அதன் 1489 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு மாடடார் வேனின் டீசல் எஞ்சினைப் போட்டேன். மவுண்டிங் நானே வெட்டி, நானே வெல்டிங் வைத்தேன். புரொப்பல்லர் ஷாஃப்டைக் குறைத்துப் பற்றவைக்க மதுரையில் லேத்துக்குக் கொண்டுபோனேன். வண்டி பிரமாதமாக இழுத்தது. முன் ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டதையும் எப்படியோ சரி செய்தேன். பிரேக்கை மட்டும் தொடவில்லை. திருமயம் ரோட்டில் டிரையல் பார்க்கப் போனபோது குறுக்கே ஆட்டு மந்தை. மிதித்தேன். வண்டி நிற்பதாக இல்லை. கருவேலங்காட்டுக்குள் திருப்பித்தான் நிறுத்தினேன். ஆட்டுக்காரர் என்னைத் திட்டிய வார்த்தையை எழுத முடியாது, அத்தனையும் நியாயம்.

அதனால்தான் கூரையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பிரேக்கைப் பற்றிக் கேட்கிறேன். மாடல் ஏ-க்கு நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு, ஆனால் அது ராடு இழுத்துப் பிடிக்கிற பிரேக். எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கிற ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஃபோர்டு வந்ததே 1939-இல்தான். அந்த வண்டியின் சொந்த எஞ்சின் 3.3 லிட்டர், 40 குதிரைத்திறன். நீ வைக்கப் போவது 1948-இன் ஃபோர்டு வி8, எட்டு சிலிண்டர் எஞ்சின், 100 குதிரைத்திறன். இரண்டரை மடங்கு. எஞ்சினை ஏற்றிவிட்டு பிரேக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே. முதலில் நான்கு டிரம்மும் ஹைட்ராலிக்காக மாறட்டும், பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் உட்காரட்டும், அப்புறம் எஞ்சின்.

அந்த வி8-ஐப் பற்றி நானும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் மோரிஸ் மாதிரி, வால்வு சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கிற சைடு வால்வு எஞ்சின்தான், அதனால் பயமில்லை. 1932-இல் முதலில் வந்தபோது 65 குதிரைத்திறன். சாதாரண மக்கள் வாங்குகிற விலையில் வி8 என்பது அன்றைக்குப் பெரிய காரியம். ஆனால் புகை வெளியே போகிற பாதையை பிளாக்குக்கு உள்ளேயே, தண்ணீர் ஓடும் இடத்தின் வழியாகவே கொண்டுபோயிருக்கிறார்கள். எஞ்சினைக் குளிர்விக்க வேண்டிய தண்ணீர், புகைக் குழாயின் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. இரண்டு வாட்டர் பம்ப் வைத்தும் கொதிக்கிறது என்றால் காரணம் அதுதான். நம் ஊர் வெயிலில் பிள்ளையார்பட்டி போவதற்குள் கொழுக்கட்டை வேகவைத்துவிடலாம்.

பிளாக்குக்குப் பணம் கொடுப்பதற்கு முன் விரிசல் பார். இந்த எஞ்சினில் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில்தான் விடும் என்கிறார்கள். உன் ஊரில் காந்தம் வைத்துப் பார்க்கிற மெஷின் இருக்கும். இல்லையென்றால் தாத்தா செய்கிற மாதிரி செய்: மண்ணெண்ணெய் தடவி ஊறவிடு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசு. காய்ந்ததும் விரிசல் இருக்கிற இடத்தில் மட்டும் எண்ணெய் கசிந்து கோடு தெரியும். கானாடுகாத்தானில் செட்டியார் வீட்டு வண்டிகளை அவர் அப்படித்தான் பார்த்தார். அந்த ஊரில் சுண்ணாம்புக்கு என்றைக்குமே பஞ்சமில்லை.

சரி, கூரைக்கு வருகிறேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. நீ வாங்கியிருப்பது முழு வண்டியா, வெறும் கூடா? தரை துருப்பிடித்து, சீட்டு இல்லாமல், எஞ்சின் இல்லாமல் எங்கேயோ கொட்டகையில் கிடந்த கூடு என்றால் தாராளமாக அறு. ஓடுகிற நிலையில் எல்லாம் சேர்ந்து வந்த வண்டி என்றால் அதை அறுக்காதே, அதை வைத்துக்கொண்டு வேறு கூடு தேடு.

போன மாதம் நம் பக்கத்தில் ஒரு வீட்டை இடித்தார்கள். பங்காளிகள் இருபது பேருக்கு மேல், ஆளுக்கொரு ஊரில், ஓடு மாற்றக்கூட யாரும் காசு போடவில்லை. இரண்டாம் கட்டு ஏற்கெனவே மழையில் விழுந்துவிட்டது. பட்டாலைக் கூடத்துத் தேக்குத் தூண்களை லாரியில் ஏற்றும்போது நான் நின்று பார்த்தேன். ஏதோ ஒரு ஓட்டலில் போய் நிற்கப் போகின்றன. நிற்கட்டும், கரையான் தின்பதற்கு அது மேல். ஆனால் தூண் விலை போகிறது என்பதற்காக நன்றாக நிற்கிற வீட்டை இடித்தவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் போவதில்லை, அம்மாவைத்தான் அனுப்புகிறேன்.

இங்கே நீ இதைச் செய்ய முடியாது, தெரியுமா? கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. 2021-இல் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தார்கள், நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். அதற்கும் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. மோரிஸுக்கு அதை வாங்கத்தான் அலைந்துகொண்டிருக்கிறேன். அந்த வண்டியை நீயும் தொடாதே, நானும் தொடமாட்டேன். அந்த மாடடார் அம்பாசிடரைப் பற்றி யாரிடமும் சொல்லிவைக்காதே.

பாடி வேலையை யார் செய்கிறார்கள்? அறுத்துச் சேர்த்த இடத்தைப் பட்டி பூசி மூடிவிடாதே. ஈயம் வைத்து இழுக்கத் தெரிந்த கிழவர் யாராவது அங்கே இருப்பார், தேடிப் பிடித்து அவர் பக்கத்தில் நில். நம் டிங்கர் அண்ணன் அந்தக் காலத்தில் ஈயம் வைத்துத்தான் செய்வார். இப்போது அவருக்குக் கண் தெரியவில்லை. உன் வண்டிப் படத்தைப் பற்றிச் சொன்னேன். "மூணு அங்குலமா? பின்னாடி சாய்வா இருந்தா கூரை கதவோட சேராதே, நடுவுல பத்தாம வருமே, எப்படி இழுக்கப் போகுது புள்ள?" என்று கேட்டார். பதில் எழுது, படித்துக் காட்ட வேண்டும்.

கைமுறுக்கும் சீப்புச் சீடையும் தீபாவளிக்கு அனுப்புகிறாள் அம்மா. அதே பெட்டியில் இடுக்கு அளக்கிற தாத்தாவின் ஃபீலர் கேஜையும் வைக்கிறேன், எண்ணெய்த் துணியில் சுற்றியிருக்கும், பலகாரத்தோடு ஒட்டாமல் எடு. கூரையிலிருந்து அறுத்தெடுக்கிற அந்த மூன்று அங்குலத் துண்டைக் குப்பையில் போடாதே. ஊருக்கு வரும்போது கொண்டு வா, பட்டறைச் சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா