கறுப்புக் கவச உடுப்பும் கேன்வாஸ் வேலையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோயில் சிற்பங்களைப் பார்த்து, கவசம் போல விறைத்து நிற்கும் கறுப்பு உடுப்புகள் தைக்கும் புதுப் போக்கு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். மதுரையில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் அதில் "கெட்டியான துணி எடுத்து உள்ளே பக்ரம் ஒட்டினால் போதும்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. பக்ரம் என்பது இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் விறைப்பான பசைத் துணி. அதை நம்பி இறங்கும் பிள்ளைகளுக்குத் துணியும் கூலியும் வீணாகும். கோட்டு தைக்கிறவர்கள் என்ற முறையில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் கல்லில் எதைப் பார்ப்பது என்று சொல்கிறோம். மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்தில் அக்கினி வீரபத்திரரும் அகோர வீரபத்திரரும் நிற்கிறார்கள். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் இருக்கிறது. இங்குள்ள உருவங்கள் பார்ப்பதற்குக் கவசம் பூட்டியது போலத் தெரிவதற்குக் காரணம் அணிகள் உடம்பைப் பகுத்துக் கட்டியிருக்கும் விதம்தான். நம் சிற்ப மரபில் கேயூரம் மேல்கையைப் பிடிக்கும். சன்னவீரம் மார்பில் குறுக்காக ஓடும். உதரபந்தம் மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே இறுகும். அரைப்பட்டிகை இடுப்பில் உட்காரும். உடம்பு எங்கே வளைகிறதோ, எங்கே ஒடுங்குகிறதோ, அங்கேதான் ஒவ்வொரு பட்டையும் விழுகிறது. கோட்டில் டாட்டும் (உடம்புக்கு ஏற்பத் துணியை மடித்து ஒடுக்கும் தையல்) மற்றத் தையலும் விழ வேண்டிய இடங்களும் அவையே. ஆகவே துணியை அந்தக் கோடுகளில்தான் துண்டு பிரிக்க வேண்டும். அழகர் திருவிழாவுக்குத் தைக்கும் சல்லடமும் (அரைக்காற்சட்டை) கச்சையும் (இடுப்புக் கட்டு) இதே கணக்கில் உடம்பைப் பிரிப்பதை, பல காலம் புதுமண்டபத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டுத் தைத்து, பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தொழிலாளர்கள் கையளவிலேயே அறிவார்கள்.

கறுப்பில் ஒரு சங்கடம் உண்டு. நிற வேறுபாடு இல்லாததால் தையல் கண்ணுக்குத் தெரியாது. உருவத்தைக் காட்டுவது வெளிச்சமும் நிழலும் மட்டுமே. சிற்பத்தில் பட்டையின் விளிம்பு தூக்கலாக இருக்கும், அதன் அடியில் உளி உள்ளே குடைந்திருக்கும். அந்தக் குடைவில் விழும் நிழல்தான் பட்டையைத் தனியாகக் காட்டுகிறது. துணியில் அந்த வேலையைப் பைப்பிங், அதாவது உள்ளே கயிறு வைத்து விளிம்பில் தைக்கும் துணிப்பட்டை, செய்யும். எங்கள் கணக்கில் 4 மில்லிமீட்டர் கயிறுக்குக் குறைந்தால் கறுப்புக் கம்பளியில் நாலடி தள்ளி நின்றாலே ஒன்றும் தெரியாது. அந்தக் கயிறைச் சுற்ற அரை அங்குலம், இருபுறமும் தையலுக்கு அரை அரை அங்குலம், ஆக ஒன்றரை அங்குல அகலத்தில் சரியான கிராஸில் (இழைக்கு 45 டிகிரி சாய்வில்) துண்டு வெட்ட வேண்டும். நேர் இழையில் வெட்டினால் வளைவில் சுருக்கம் விழும். பருத்திக் கயிறை முதலில் வெந்நீரில் ஊறவைத்துக் காயப்போட மறக்கக் கூடாது. மறந்தால் முதல் தடவை ஆவி பட்டதும் கயிறு சுருங்கி, பைப்பிங் முழுவதும் புழு போல நெளியும். மெஷினில் ஜிப் வைக்கும் ஒற்றைக்கால் பாதத்தை மாட்டிக் கயிறை ஒட்டியே தைக்க வேண்டும்.

தைத்ததை மேலே எரியும் டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்வதும் தவறு. மண்டபத்தில் வெளிச்சம் தூண்களுக்கு இடையே பக்கவாட்டில் வருகிறது. உடுப்பையும் காலை வெயில் பக்கத்திலிருந்து விழும் சன்னலருகே ஸ்டாண்டில் மாட்டிப் பாருங்கள். எந்தப் பட்டை எழும்பவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

இனி உள்வேலை. சாமிக்குச் சாத்தும் கவசத் தகட்டைப் பின்பக்கம் தட்டித்தான் முன்பக்கம் உருவம் எழுப்புகிறார்கள். கோட்டிலும் மார்பு உள்ளிருந்துதான் எழ வேண்டும். அதற்குக் குதிரைவால் முடியை ஊடையாகப் போட்டு நெய்த கேன்வாஸ் வேண்டும். முடி குறுக்கே கிடப்பதால் மார்பைச் சுற்றி வில் போல நிற்கும், நெடுக்கே மடங்கிக் கொடுக்கும். ஒரு கோட்டுக்கு முக்கால் மீட்டர் போதும். அதை ராத்திரி தண்ணீரில் போட்டு, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். கேன்வாஸில் டாட்டை மடித்துத் தைத்தால் அந்த மேடு வெளியே காட்டிக்கொடுக்கும். வி வடிவில் வெட்டி எடுத்து, இரு விளிம்பையும் முட்டவைத்து, அடியில் பருத்தி நாடா கொடுத்து ஜிக்ஜாக் போடுவதே சரி. மேலே பருத்தி ஃபிளானல் ஒன்று மூடாவிட்டால் முடிமுனை லைனிங்கைத் துளைத்து வந்து குத்தும்.

கேன்வாஸை வெளித்துணியோடு பிடிப்பது சாய்வாக விழும் கைத்தையல். மார்பில் தையல் நீளம் அரை அங்குலம், வரிசைக்கு வரிசை அரை அங்குலம். காலரிலும், அதற்குக் கீழே மார்பில் வெளிப்பக்கம் மடியும் லேப்பலிலும் கால் அங்குலம். ஊசி வெளித்துணியில் ஓரிரு இழையை மட்டும் தொட வேண்டும். அதிகம் எடுத்தால் முன்பக்கம் புள்ளி புள்ளியாகக் குழி விழும். நூலை இழுத்து இறுக்கவும் கூடாது. இந்த வேலையை மேசையில் பரத்தி வைத்துச் செய்யாதீர்கள். இடதுகை விரல்கள் மேல் துணியை வளைத்துப் பிடித்தபடி, ஒவ்வொரு தையலாகப் போட வேண்டும். வளைவில் உள்ளடுக்கு கொஞ்சம் குட்டையாகவும் வெளியடுக்கு கொஞ்சம் நீளமாகவும் பிடிபட்டுவிடும். கையை எடுத்த பிறகும் வளைவு போகாது. கவச மார்பின் சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது. இரண்டு முன்பக்கமும் முடிக்கப் பழகிய கைக்கே ஒரு நாள் பிடிக்கும்.

பசைத் துணி ஒட்டினால் என்ன ஆகும்? ஃபியூசிங் என்று சொல்லும் இந்தப் பசைத் துணி பெரும்பாலானவற்றுக்கு 130 முதல் 150 டிகிரி சூடும், நல்ல அழுத்தமும், பத்துப் பதினைந்து விநாடி நேரமும் ஒருசேர வேண்டும். கரி இஸ்திரிப் பெட்டியில் எடை இருக்கிறது, சூடு ஒரே அளவில் நிற்காது. ஓரிடம் பிடிக்கும், ஓரிடம் பிடிக்காது. அதோடு துணியும் பசைத் துணியும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் நாலு தடவை வெளுத்ததும் கொப்புளம் கிளம்பும். கறுப்பில் அந்தக் கொப்புளம் பளிச்சென்று தெரியும். அதே கரிப்பெட்டி ஈரத்துணி போட்டுக் கம்பளியை வளைத்து அமுக்குவதற்கு அருமையான கருவி என்பதையும் சொல்லிவிடுகிறோம். கம்பளி ஆவிக்கு இணங்கும், ஆறியதும் அப்படியே நிற்கும். பருத்தி அப்படி நிற்காது, அதற்குத் தையலாலேயே வடிவம் கொடுக்க வேண்டும்.

தானாக நிற்கும் துணி என்று கேட்டால், ஸ்பெயின் நாட்டு உடை வடிவமைப்பாளர் பலென்சியாகா தனக்கு வேண்டிய விறைப்புக்காக 1958இல் சுவிஸ் துணி நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து கஸார் என்ற பட்டுத் துணியையே புதிதாக நெய்ய வைத்தார். கிறித்தவ மத ஓவியங்களின் உடை மடிப்புகளை ஆழ்ந்து பார்த்தவர் அவர். கடையில் கெட்டியாகக் கிடைக்கும் துணியெல்லாம் கஸார் ஆகிவிடாது.

உதரபந்தப் பகுதிக்கு ஸ்டீல் போன் (உடுப்பை விறைப்பாக நிறுத்த உள்ளே செருகும் எஃகுக் கம்பி) வைப்பதானால் சுருள்கம்பி வகையே நல்லது, பக்கவாட்டிலும் வளையும். போனை அது செருகும் துணிக் குழாயைவிடக் கால் அங்குலம் குட்டையாக வெட்டி, முனைக்கு மூடி போட வேண்டும். இல்லையென்றால் பத்து நாளில் துணியைப் பொத்துக்கொண்டு வரும். பூச்சில்லாத கம்பி நம்மூர் வியர்வைக்குத் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் போன் உடம்புச் சூட்டில் கோணிப்போகும்.

கவசம் என்றதும் ஆர்ம்ஹோலை (கைத்துண்டு சேரும் துளையை) ஆழமாக இறக்குகிறார்கள், இறுக்காது என்ற நினைப்பில். நடப்பது நேர்மாறு. அடி இறங்க இறங்க, கை தூக்கும்போது பக்கத் தையல் இழுபட்டு உடுப்பு முழுவதும் காது வரை ஏறும். அக்குளுக்குக் கீழே ஓர் அங்குலத்துக்குள் நிறுத்துங்கள். கேயூரம் போலத் தோளை எழுப்ப, கைத்தலைப்பு (கைத்துண்டின் மேல் வளைவு) ஆர்ம்ஹோலின் சுற்றளவைவிடக் கம்பளியில் ஒன்றரை அங்குலம் கூடுதலாக இருக்கலாம். பருத்தியில் முக்கால் அங்குலம் தாண்டினால் சுருக்கம் தெரியும்.

கறுப்புத் துணியை ஒரே தானில் (துணிச் சுருளில்) எடுக்க வேண்டும், அதுவும் வெயிலில் பார்த்து. கடைக்குள் ஒன்றாகத் தெரிந்த இரண்டு கறுப்பு வெளியே வந்தால் ஒன்று நீலம் அடிக்கும், ஒன்று சிவப்பு அடிக்கும். வெள்ளை ஈரத்துணியால் தேய்த்துச் சாயம் வருகிறதா என்றும் பாருங்கள். சல்பர் கறுப்புச் சாயம் ஏற்றிய பருத்தி ஈரமும் சூடும் பட்டு நாளானால் நார் இற்றுப்போகும், இவ்வளவு கைவேலை அதன்மேல் வேண்டாம். 58 அங்குல அகலத்தில் சாதாரணக் கோட்டுக்கு 2 மீட்டர் என்றால் இதற்கு இரண்டே முக்கால் வேண்டும், ஏனென்றால் எல்லாத் துண்டும் ஒரே திசையில் விழ வேண்டும். வெல்வெட்டில் மயிர் மேல்நோக்கி இருக்கும்படி வெட்டினால் கறுப்பு ஆழமாகத் தெரியும். மெழுகுச் சாக்கில் கோடு போடாதீர்கள், இஸ்திரி பட்டதும் எண்ணெய்க் கறையாகும். வெள்ளை நூலோட்டம் போதும். நேராக இஸ்திரி வைத்தால் கறுப்புக் கம்பளி பளபளத்துவிடும், மல் துணி போட்டே வைக்க வேண்டும். லைனிங்கை முதுகில் பாதியோடு நிறுத்தி, மெல்லிய பருத்தியில் போட்டால் சித்திரை வெயிலிலும் ஒரு மணி நேரம் தாங்கலாம்.

இன்னொன்று. சாமி முகத்தைத் துணியில் அச்சடித்து முதுகிலும் இடுப்பிலும் போடுகிறார்கள். உட்காரும் இடத்தில், வியர்க்கும் இடத்தில் தெய்வ உருவம் வருவது எங்களுக்கு மனசு கொள்ளவில்லை. பட்டையின் அளவையும் விளிம்பின் மடிப்பையும் எடுத்துக்கொண்டாலே அந்தக் கல்லின் கம்பீரம் உடுப்பில் வந்துவிடும்.

மதுரையில் தையல் பயிற்சி தரும் நிலையங்கள் பலவற்றில் கேன்வாஸ் கைவேலை பாடத்திலேயே இல்லை, ஃபியூசிங்கோடு முடித்துவிடுகிறார்கள். ஒரு மாதமாவது இதற்கு ஒதுக்கி, அரை மீட்டர் கேன்வாஸில் ஒரு பக்க மார்பை முழுதாகச் செய்ய வைக்க வேண்டுகிறோம். கோயிலுக்குள் செல்பேசிக்குத் தடை இருப்பதால் படம் எடுத்துவந்து பார்க்க வழியில்லை. மாணவர்களை நேரில் அழைத்துச் சென்று, பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நின்று பார்க்கச் சொல்லி, வெளியே வந்ததும் நினைவிலிருந்து வரைய வைக்கலாம். கட்டுரையில் வந்த அந்தப் பக்ரம் வரிக்கு ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையோம்.

இப்படிக்கு,
கோட்டு தைக்கும் தொழிலாளர்கள் சிலர்,
மதுரை.