பீடி பிடிக்கும் பெரியவர்களை நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு எப்படி அழைப்பது? மருத்துவத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் பொது சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும், கிராமங்களில் புற்றுநோய் முகாம் நடத்தும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

ஆலங்குளம் வட்டாரத்துப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவம் படித்தவன் அல்லன். ஒரு வாக்கியம் கேட்பவரை அருகே வரவழைப்பதையும், அதே செய்தியை வேறு விதமாகச் சொன்னால் அவர் எழுந்து போய்விடுவதையும் வகுப்பறையில் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு முகாம் நடந்தது. ஐம்பது ஆண்டுகளாகப் பீடி பிடித்துவந்த என் மூத்த அண்ணனை வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். பந்தல் வாசலில் கரிந்த நுரையீரலின் படம் ஆளுயரத்துக்கு நின்றது. அதன் கீழே, புகைப்பவன் தன் குடும்பத்தைத் தானே அழிக்கிறான் என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது. அண்ணன் அதை ஒருமுறை படித்தார். "ஏசுறதுக்கா ஆள் கூப்புடுதாவ? வாடே போவம்" என்று திரும்பிவிட்டார். அதற்குப் பின் எந்த முகாமுக்கும் அவர் வரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, இளைப்பும் சளியில் ரத்தமும் வந்த பிறகு ஸ்கேன் எடுத்தபோது நோய் எலும்புவரை பரவியிருந்தது. முன்பே பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு ஒரு தட்டியின் வாசகத்தால் போயிற்று என்பதை மட்டும் சொல்கிறேன்.

முக்கூடல், மேலப்பாளையம், கடையநல்லூர், பாவூர்சத்திரம் பக்கங்களில் பீடி என்பது ஒரு கெட்ட பழக்கத்தின் பெயர் மட்டுமன்று. இலையும் தூளும் வாங்கி வந்து, மடியில் தட்டை வைத்துச் சுற்றிக் கொடுத்த காசில்தான் இங்கே பல வீடுகளில் பிள்ளைகள் படித்தார்கள், பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது. அப்படிப்பட்ட வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுக்காரரிடம் பீடி குடும்பத்தை அழிக்கும் என்று சொன்னால், அது அவர் மனைவியின் நாற்பது ஆண்டு உழைப்பையும் சேர்த்துச் சுடுகிறது. மிரட்டும் படங்களை அவர் பார்க்காதவரும் அல்லர். புகையிலைப் பொருள்களின் உறையில் 85 விழுக்காடு இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற விதி 2016 முதல் நடப்பில் இருக்கிறது. கெடுதல் என்று அவருக்குத் தெரியும். இனி என்ன செய்யலாம் என்பதுதான் அவருக்குச் சொல்லப்படவில்லை.

சொல்வதற்குச் செய்தி இருக்கிறது. அமெரிக்காவில் 2002 முதல், 55 முதல் 74 வயது வரையிலான, கடுமையாகப் புகைத்துவந்த 53,000க்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் குறைந்த கதிர்வீச்சில் சி.டி. ஸ்கேனும் மறு பிரிவினருக்கு மார்பு எக்ஸ்ரேயும் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று முறை எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 விழுக்காடு குறைந்தது என்ற முடிவு 2011இல் வெளியானது. எக்ஸ்ரே மட்டும் எடுப்பதால் சாவு குறைவதில்லை என்பது அதே ஆண்டு வெளியான மற்றொரு பெரிய ஆய்வில் தெரிந்தது. ஆகவே, இலவச எக்ஸ்ரே எடுத்துவிட்டு "உங்களுக்குப் புற்றுநோய் இல்லை" என்று அனுப்பிவைக்கும் முகாம்களை முதலில் நிறுத்துங்கள். அந்த ஆறுதல், மிரட்டலைவிடக் கெடுதலானது.

இனி, அந்த 20 விழுக்காட்டை எப்படிச் சொல்வது? அதை அப்படியே அச்சடித்தால், நூறு பேர் போனால் இருபது பேர் பிழைப்பார்கள் என்றுதான் எங்கள் ஊரில் புரிந்துகொள்வார்கள். அதே ஆய்வை இன்னொரு விதமாகவும் சொல்லலாம். எக்ஸ்ரே எடுத்த 1000 பேரில், ஆறரை ஆண்டு அளவில், ஏறத்தாழ 21 பேர் இந்நோயால் இறந்தார்கள். ஸ்கேன் எடுத்த 1000 பேரில் 18 பேர். அதாவது மூன்று உயிர். ஸ்கேன் எடுத்த அந்த 1000 பேரில் ஏறத்தாழ 365 பேருக்கு ஏதோ இருக்கிறது என்று முதலில் சொல்லி, பிறகு அது புற்றுநோய் அன்று என்று தெரிந்தது. அவர்களில் 25 பேர் அளவில் ஊசியோ குழாயோ உள்ளே செலுத்தியோ அறுத்தோ பார்க்க நேர்ந்தது. இரண்டு விதமும் உண்மைதான். முதல் விதம் ஆளைக் கூட்டும். இரண்டாவது விதம், வந்தவர் ஏமாந்துவிட்டதாக நினைக்காமல் காக்கும். ஆயிரம் பேர் என்றால் எங்கள் மக்களுக்கு ஓர் ஊர். ஓர் ஊரில் மூன்று வீட்டில் ஒப்பாரி கேட்காது என்றால் அது சிறிய செய்தி அன்று. அந்தக் கணக்கை முழுதாகச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வார்கள்.

முழுதாகச் சொல்ல வேண்டியதற்கு நம் நாட்டில் தனிக் காரணமும் உண்டு. காசநோய் வந்து ஆறியவர்கள் நம்மிடையே மிகுதி. அதன் தழும்பும் ஸ்கேனில் முடிச்சாகத் தெரியும். "நிழல் மாதிரி ஏதோ இருக்கு" என்று ஒரு சொல் கேட்ட மாத்திரத்தில் சோறு இறங்காமல் கிடப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். முடிச்சு தெரிந்தாலே புற்றுநோய் என்று பொருளில்லை, பெரும்பாலானவை அப்படி இல்லை என்பதை ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அதுபோல, "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற அச்சம் இங்கே வேரோடியிருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று கடிந்துவிட்டுப் போகாதீர்கள். நோய் முற்றிய பிறகு அறுவைக்குப் போய் இறந்தவர்களைக் கண்ணால் கண்டு உண்டான அச்சம் அது. சிறியதாக, ஓரிடத்தில் நிற்கும்போதே கண்டால் அறுத்து எடுத்துவிட முடிகிறது, காலம் கடந்தால் அந்த வழி அடைபடுகிறது என்று சொன்னால், அவர்கள் கண்ட சாவுக்கே ஒரு விளக்கம் கிடைக்கும்.

அழைக்கும் பெயரிலும் கவனம் வேண்டும். லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் முதிய புகைப்பழக்கத்தாரைப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு என்று சொல்லாமல் நுரையீரல் நலப் பரிசோதனைக்கு என்று, நாளும் நேரமும் குறித்து, அவர்களுடைய மருத்துவர் வழியாகவே அழைத்தார்கள். அச்சம் தணிக்கும்படி எழுதிய துண்டறிக்கை ஒரு பிரிவுக்கும் வழக்கமான துண்டறிக்கை மறு பிரிவுக்கும் போயிற்று. இரு பிரிவிலும் பாதிப் பேருக்குச் சற்று மேலாக வந்தார்கள். துண்டறிக்கையால் வேறுபாடு இல்லை. சொல்லையே நம்பி வாழ்ந்த எனக்கு இது கசப்பான பாடம். ஆனாலும், அழைப்பவர் யார், எந்த நாள், எந்த நேரம் என்பதும் செய்தியின் பகுதிதான் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலர் சொன்னால் பெரியவர் கேட்பார். முச்சந்தித் தட்டி சொன்னால் கேட்கமாட்டார்.

அரசு வரவழைத்துச் செய்யும் பரிசோதனைகள் இன்று வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றுக்குத்தான்; நுரையீரல் அதில் இல்லை. ஆகையால் ஸ்கேன் எங்கே, என்ன செலவு, காப்பீட்டு அட்டை செல்லுமா, முடிச்சு தெரிந்தால் அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பவற்றை எழுத முடியாவிட்டால் அந்த அழைப்பையே அச்சடிக்க வேண்டாம். யாருக்கு என்பதையும் தெளிவாக எழுதுங்கள். நாளைக்கு 20 சிகரெட் வீதம் 20 ஆண்டு, வயது 50 முதல் 80 என்பது அமெரிக்காவின் 2021ஆம் ஆண்டுப் பரிந்துரை. எங்கள் ஆட்கள் பீடியைக் கட்டுக் கணக்கில்தான் சொல்வார்கள்; அவர்களுக்கான அளவை நம் மருத்துவர்கள் கூடி முடிவு செய்து கட்டுக் கணக்கிலேயே எழுத வேண்டும்.

ஸ்கேன் சரியாக இருக்கிறது என்றால் இனியும் புகைக்கலாம் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அதே நாளில், அதே அறையில், விடுவதற்கான உதவியும் கிடைக்க வேண்டும். இங்கும் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பிரிட்டன் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 60 வயதில் நிறுத்தியவர்களுக்கும் ஏறத்தாழ 3 ஆண்டு ஆயுள் கூடியதைக் காட்டியது. "இனிமே விட்டு என்னத்துக்கு" என்பவருக்கு, பேரனின் பள்ளிப்படிப்பு முடியும்வரை என்று அந்த மூன்று ஆண்டைச் சொல்லிப் பாருங்கள்.

நான் எழுதிப் பார்த்த வாசகம் இது: "பெரியவர்களே, பல ஆண்டு பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு நுரையீரலைப் பார்த்துக்கொள்ள ஒரு ஸ்கேன் இருக்கிறது. வலிக்காது, சில நிமிடங்களில் முடியும். இப்போதும் புகைத்தாலும் வரலாம், யாரும் ஏசமாட்டார்கள். இதனால் கிடைக்கும் நன்மையையும், வரக்கூடிய தொல்லையையும் முதலில் சொல்வோம். எடுப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்."

இதைத் திருத்துங்கள், மாற்றுங்கள். அச்சுக்குப் போகும் முன் முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ பத்துப் பெரியவர்களை உட்காரவைத்துப் படித்துக்காட்டி, அவர்கள் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள் என்று பாருங்கள். படித்துக்காட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ஆலங்குளம் வட்டாரம்